டாலி லைனுக்கு மலிவு விலை இன்டர்ஃபேஸ் போர்டு: பாதி லைட் கேட்குது, பாதி கேட்கல

குழித்துறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். களியக்காவிளை பக்கத்துல ஒரு கல்யாண மண்டபம். 24 டவுன்லைட், எல்லாத்துலயும் டாலி (DALI, ரெண்டு வயர்ல லைட்டுக்கு டிஜிட்டலா கட்டளை அனுப்புற முறை) டிரைவர், அதாவது லைட்டுக்குக் கரண்ட் கொடுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. பேனல் ரூம்ல ரெடிமேட் டாலி சப்ளை ஒண்ணு இருக்கு, 200 மில்லிஆம்ப். கன்ட்ரோலர் மட்டும் கம்பெனி சரக்கு வேண்டாம், விலை கட்டாதுன்னு ஓனர் சொல்லிட்டார். அதனால ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன மைக்ரோகன்ட்ரோலர்) வச்சு இன்டர்ஃபேஸ் நாமே செஞ்சு, மேடைக்குப் பக்கத்து ரூம்ல வச்சிருக்கு. பேனல்லருந்து அங்க வரைக்கும் 60 மீட்டர், 0.75 ஸ்கொயர் மில்லிமீட்டர் வயர்.

இப்ப இருக்கிற சர்க்யூட்:

உள்ளே வர்ற இடத்துல நாலு 1என்4148 டயோடு வச்சு பிரிட்ஜ், வயரை எப்படி மாட்டினாலும் பிளஸ் மைனஸ் சரியா வர்றதுக்கு. வாங்குற பக்கம் 5.1 வோல்ட் ஜீனர், 2.2 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், பிசி817 (PC817) ஆப்டோவோட எல்ஈடி, எல்லாம் வரிசையா. ஆப்டோன்னா ஒளி வழியா மட்டும் சிக்னல் கடத்தி ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வைக்கிற ஐசி. ஆப்டோ அவுட்புட்ல 3.3 வோல்ட்டுக்கு 10 கே புல்-அப். அனுப்புற பக்கம் இன்னொரு பிசி817. அதோட எமிட்டர்லருந்து 1 கே வழியா பிசி547 (BC547) டிரான்சிஸ்டரோட பேஸ். அந்த டிரான்சிஸ்டர்தான் பிரிட்ஜுக்குப் பின்னால லைனை ஷார்ட் பண்ணுது.

பிரச்சனைகள்:

மேடைப் பக்கத்து லைட்டெல்லாம் சொன்னபடி கேட்குது. பேனல் பக்கம், வாசல்லயும் சாப்பாட்டு ஹால்லயும் இருக்கிற லைட் சில நேரம் கேட்குது, பல நேரம் கேட்கல. சும்மா இருக்கும்போது லைன்ல 16.2 வோல்ட். அனுப்பும்போது போர்டு முனையில ஸ்கோப் வச்சுப் பார்த்தா 6.3 வோல்ட்டுக்குக் கீழ இறங்கல.

டிரைவர்கிட்ட நிலைமை கேட்டா பதில் வருது, ஆனா டீகோடர் (வந்த சிக்னலைப் படிக்கிற புரோகிராம்) அதை 'தப்பு ஃபிரேம்'னு தள்ளிடுது. ஃபிரேம்னா ஒரு முழுச் செய்தி.

கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிச்ச உடனே எல்லா லைட்டும் முழு வெளிச்சம். ஈஎஸ்பி ஹேங் ஆனாலும் அதே.

பார்ட்ஸ் நாகர்கோவில்ல கிடைக்கிறதா இருந்தா நல்லது. எங்கே மாத்தணும்?

*

பாறசாலை மின்பணி:

தம்பி, முதல் பிரச்சனைக்கு விடை நீங்க எழுதின 6.3-லயே இருக்கு.

டாலியில வாங்குற டிரைவர் 6.5 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா 'லோ'ன்னும், 9.5-க்கு மேல 22.5 வரைக்கும் 'ஹை'ன்னும் எடுத்துக்கணும். இடையில இருக்கிறதை ஒவ்வொரு டிரைவரும் தன் இஷ்டப்படி எடுத்துக்கும். அனுப்புற போர்டு தன் முனையில 4.5-க்குக் கீழ இழுத்தாகணும். அந்த 2 வோல்ட் வித்தியாசம் வயர்ல இழக்கிறதுக்காக விட்டு வச்சது. 1.5 ஸ்கொயர் வயர் 300 மீட்டர்னா போக வர சுமார் 7.3 ஓம். 250 மில்லிஆம்ப் போனா 1.8 வோல்ட் போயிடும். 300 மீட்டர் எல்லைங்கிறதே அங்கேருந்து வந்த கணக்கு.

உங்க வயர் போக வர சுமார் 3 ஓம். 200 மில்லிஆம்ப்ல 0.6 வோல்ட். கரண்ட் சப்ளையிலருந்து போர்டுக்கு ஓடுறதால, போர்டுல 6.3 இருக்கும்போது பேனல் பக்கம் 6.9 நிக்கும். அங்க இருக்கிற டிரைவருக்கு அது 'லோ' இல்ல. வாசல் லைட் கேட்காததுக்கு இதுதான் காரணம். வேற எங்கயாவது 'சப்ளைக்குப் பக்கத்துல கேட்கல, போர்டுக்குப் பக்கத்துல கேட்குது'ன்னு வந்தாலும் முதல்ல இதைத்தான் பாருங்க.

6.3 எப்படி வந்துச்சுன்னா: 200 மில்லிஆம்ப்ல 1என்4148 ஒவ்வொண்ணும் ஒரு வோல்ட் தின்னும், ரெண்டுக்கு 2. ஆப்டோவுக்கு 0.2. பிசி547 டிரான்சிஸ்டர் 100 மில்லிஆம்ப்புக்குச் செஞ்சது, 200-ல அதோட கெயின் (பேஸ் கரண்டைப் பெருக்குற அளவு) 60 பக்கம் விழுந்துடும். அதனால பேஸுக்கு 3.3 மில்லிஆம்ப் வேணும், 1 கே-ல 3.3 வோல்ட் போச்சு. பேஸ்-எமிட்டர் 0.85. கூட்டிப் பாருங்க. லைனை ஷார்ட் பண்ற டிரான்சிஸ்டருக்கு அதே லைன்லருந்துதான் பேஸ் கரண்ட் வருது. லைன் விழ விழ பேஸ் டிரைவும் குறையும். இந்த மாதிரி சர்க்யூட் எல்லாத்துலயும் மாட்டுற இடம் இதுதான்.

மாத்த வேண்டியது:

பிரிட்ஜுக்கு நாலு 1என்4007 போதும். 200 மில்லிஆம்ப்ல ஒண்ணு 0.85-க்குள்ள நிக்கும். டிரான்சிஸ்டர் பிசி337-40 (BC337-40). 800 மில்லிஆம்ப் தாங்கும், கெயினும் நல்லா இருக்கும். பேஸ் ரெசிஸ்டரை 1 கே-லருந்து 220 ஓமுக்கு இறக்குங்க. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல 1 கே போடுங்க. அது இல்லேன்னா டிரான்சிஸ்டர் மெதுவா ஆஃப் ஆகும், ஏறுற முனை சாய்ஞ்சு போகும்.

புதுக் கணக்கு: டயோடு 1.7, ஆப்டோ 0.2, 220 ஓம்ல 0.5, பேஸ் 0.8. போர்டுல 3.2 வோல்ட், பேனல்ல 3.8. போதுமான இடைவெளி கிடைச்சாச்சு.

220 ஓம் சின்னதா இருக்கே, ஆரம்பத்துல 16 வோல்ட் இருக்கும்போது ஆப்டோ எரிஞ்சிடாதான்னு கேட்பீங்க. எரியாது. ஆப்டோ எல்ஈடிக்கு 5, 6 மில்லிஆம்ப்தான் கொடுக்கிறோம். அது எவ்வளவு விடுமோ அதுக்கு மேல அந்தப் பக்கம் ஓடாது.

மாஸ்ஃபெட் போடலாமேன்னு சிலர் சொல்வாங்க. லைன் ஷார்ட் ஆகும்போது அதோட கேட் முனைக்கு வோல்டேஜ் எங்கேருந்து வரும்? ஒரு டயோடு, 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வச்சுச் சேமிக்கணும். இந்த அளவு கரண்டுக்கு அது தேவையில்லாத வேலை.

*

அலைக்காட்டி:

அனுப்பும் பக்கத்தைப் பாறசாலைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வாங்கும் பக்கத்தில் இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கின்றன.

ஒன்று, மின்னோட்ட அளவு. உங்கள் சர்க்யூட்டில் 7.5 வோல்ட்டுக்கு மேல் இருப்பதெல்லாம் 2.2 கே-யின் மீது விழுகிறது. 16 வோல்ட்டில் 3.9 மில்லிஆம்ப், 22.5-இல் 6.8. லைனில் தொங்கும் ஒரு டிரைவர் 2 மில்லிஆம்ப்புக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற கணக்கில்தான் சப்ளையைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒரு போர்டு மட்டும் இருக்கும்வரை தெரியாது. இதே போர்டை ஏழெட்டு அறையில் மாட்டினால் சப்ளை திணறும்.

இரண்டு, இதுதான் உங்கள் ஃபிரேம் கெடுவதற்குக் காரணம். 3.9 மில்லிஆம்ப் எல்ஈடிக்குப் போனால் ஆப்டோவின் டிரான்சிஸ்டர் 7, 8 மில்லிஆம்ப் விடத் தயாராக இருக்கும். 10 கே புல்-அப் கேட்பதோ 0.33. இவ்வளவு ஆழமாக சாச்சுரேஷனுக்குள் (முழுதாகத் திறந்த நிலைக்குள்) போன ஆப்டோ வெளியே வர 80, 100 மைக்ரோசெகண்ட் எடுத்துக்கொள்ளும். டாலியில் ஒரு பிட் என்பது ஒரு 'ஹை' பாதியும் ஒரு 'லோ' பாதியும்; அந்த அரை பிட் 416 மைக்ரோசெகண்ட். லைன் கீழே போவதை நீங்கள் தாமதமாகப் பார்க்கிறீர்கள், மேலே வருவதை உடனே பார்க்கிறீர்கள். ஆக 416 இருக்க வேண்டிய 'லோ' 320-ஆகச் சுருங்குகிறது, 'ஹை' 510-ஆக நீளுகிறது. டீகோடர் பத்து சதவீதம்தான் விட்டுக்கொடுப்பேன் என்றால் எல்லாவற்றையும் தள்ளத்தான் செய்யும்.

ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு நிலை மின்னோட்டச் சர்க்யூட் போட்டால் இரண்டும் சேர்ந்தே தீரும். இரண்டு பிசி547 போதும், இந்த இடத்துக்கு அது சரியான டிரான்சிஸ்டர்.

பிரிட்ஜ் பிளஸிலிருந்து 5.1 வோல்ட் ஜீனர், அடுத்து ஆப்டோ எல்ஈடி, அடுத்து முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டர். அதே கலெக்டரிலிருந்து 47 கே வழியாக அதன் பேஸ். எமிட்டரிலிருந்து 470 ஓம் வழியாக பிரிட்ஜ் மைனஸ். இரண்டாவது டிரான்சிஸ்டரின் பேஸ் முதலாவதின் எமிட்டரில், கலெக்டர் முதலாவதின் பேஸில், எமிட்டர் மைனஸில். 470 ஓம் மீது 0.62 வோல்ட் வந்ததும் இரண்டாவது விழித்து முதலாவதைப் பிடித்துவைக்கும். 1.3 மில்லிஆம்ப். 22.5 வோல்ட்டில் 47 கே வழியே போகும் 0.3-ஐச் சேர்த்தாலும் 1.6 தான்.

தொடங்கும் இடமும் சரியாக விழுகிறது: டயோடு இரண்டும் 1.2, ஜீனர் 4.5, எல்ஈடி 1.1, மின்னோட்டச் சர்க்யூட் 1.25. கூட்டினால் 8 வோல்ட் சுற்றி, அதாவது 6.5-க்கும் 9.5-க்கும் நட்ட நடுவில். 5.1 ஜீனர் ஏன் 4.5 என்றால், அந்த 5.1 என்பது 5 மில்லிஆம்ப்பில் அளந்தது. இந்த வகை ஜீனர்கள் 1 மில்லிஆம்ப்பில் அரை வோல்ட் குறைவாகவே நிற்கும். டேட்டாஷீட் எண்ணை அப்படியே கூட்டிவிட்டு 4.3 வாங்கிவராதீர்கள்.

புல்-அப் 3.3 கே. ஆப்டோவின் முதுகில் 817-க்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும், 'சி' பார்த்து வாங்குங்கள். 'ஏ' என்றால் 1.3 மில்லிஆம்ப்பில் அவுட்புட் முழுதாகக் கீழே இறங்காமல் போகலாம்.

செய்த பிறகு மண்டபத்துக்கு எடுத்துப்போகும் முன் மேசையில் பாருங்கள். வேரியபிள் சப்ளையைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். 6.5 வரை அவுட்புட் அசையக்கூடாது, 9.5-க்குள் மாறியிருக்க வேண்டும். 22.5-இல் மீட்டர் 2 மில்லிஆம்ப்புக்குக் கீழே காட்ட வேண்டும். வயரை மாற்றிப் பிடித்து மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். பிரிட்ஜில் ஒரு டயோடு திரும்பியிருந்தால் இதில்தான் பிடிபடும்.

டீகோடரில் பத்து சதவீதம் என்று பிடிக்காமல், இரண்டு முனைகளுக்கு இடையே 625 மைக்ரோசெகண்டுக்குக் குறைந்தால் அரை பிட், மிஞ்சினால் முழு பிட் என்று எடுங்கள். 416-க்கும் 833-க்கும் நடு அது. ஈஎஸ்பி32-இல் வைஃபை ஓடும்போது இன்டரப்ட் தாமதம் வரும். நேரத்தை அளப்பதை அதற்குள்ளேயே இருக்கும் ஆர்எம்டி (RMT) வன்பொருளிடம் விட்டுவிடுங்கள்.

*

குழித்துறைக்காரன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே. கணக்கோட சொன்னதால எதை ஏன் மாத்துறோம்னு புரியுது. இன்னும் ரெண்டு கேள்வி. டாலி லைன் 16 வோல்ட்தானே, லேப்டாப்பை யூஎஸ்பியில மாட்டிக்கிட்டே லைன்ல வேலை பார்க்கலாமா? நம்ம ஊர்ல சித்திரையிலயும் ஐப்பசியிலயும் இடி பலமா இருக்கும். போன வருஷம் அந்த மண்டபத்துல கேமரா எல்லாம் போச்சு. போர்டுக்குப் பாதுகாப்பா என்ன போடலாம்?

*

பாறசாலை மின்பணி:

16 வோல்ட்டுன்னு நம்பி டாலி வயரைத் தொடாதீங்க. டிரைவருக்குள்ள மெயின்ஸுக்கும் டாலிக்கும் நடுவுல இருக்கிறது அடிப்படை இன்சுலேஷன் மட்டும்தான். ஒரு டிரைவர்ல அது போச்சுன்னா லைன் முழுக்க 230 நிக்கும். அதனாலதான் டாலியை மெயின்ஸோட ஒரே அஞ்சு கோர் கேபிள்ல கொண்டுபோக அனுமதி இருக்கு. அதே காரணத்தால டெலிபோன் வயர், லேன் கேபிள் போடக்கூடாது. வயரோட இன்சுலேஷன் மெயின்ஸுக்குத் தகுந்ததா இருக்கணும்.

அதனால உங்க போர்டுல ரெண்டு ஆப்டோவுக்கு அந்தப் பக்கம் மெயின்ஸ்னு நினைச்சே செய்யுங்க. டாட் போர்டுல செஞ்சா ஆப்டோ கால்களுக்கு நடுவுல ரெண்டு வரிசை ஓட்டை வரும். அந்த ஓட்டைகளைச் சுத்தி இருக்கிற செம்பு வளையத்தைப் பிளேடால சுரண்டி எடுத்துடுங்க. இல்லேன்னா 7.62 மில்லிமீட்டர் இடைவெளி வெறும் ரெண்டு மூணாச் சுருங்கிடும். ஈரம் படிஞ்சா அங்கதான் பாயும், நம்ம பக்கம் ஈரத்துக்குச் சொல்லணுமா. லைன் பக்கத்து வயர் எதுவும் ஈஎஸ்பி பக்கம் தாண்டிப் போகக்கூடாது. ஈஎஸ்பிக்குத் தனி அடாப்டர்.

லேப்டாப் ஈஎஸ்பி பக்கம் மட்டும் மாட்டினா ஆப்டோ காப்பாத்தும். ஸ்கோப் விஷயம் வேற. அதோட கிளிப் எர்த்தோட சேர்ந்தது, அதை டாலி லைன்ல கவ்வ விடாதீங்க. பேட்டரியில ஓடுற கைஸ்கோப் இல்லேன்னா டிஃபரன்ஷியல் புரோப். வேலைக்கு முன்னால ஒவ்வொரு டாலி வயருக்கும் எர்த்துக்கும் நடுவுல ஏசி பாருங்க. டிஜிட்டல் மீட்டர் 40, 50 காட்டினா உடனே முடிவு பண்ண வேண்டாம், பக்கத்து வயர்லருந்து ஒட்டி வர்றதா இருக்கலாம். டெஸ்ட் பல்பு வச்சா அது காணாமப் போகும். பல்பு எரிஞ்சா மெயினை ஆஃப் பண்ணிட்டு டிரைவரை ஒவ்வொண்ணா கழட்டித் தேடணும்.

இடிக்கு: லைன் உள்ளே வர்ற இடத்துல, பிரிட்ஜுக்கு முன்னாலயே, பி6கேஈ27சிஏ டிவிஎஸ் (வோல்டேஜ் எகிறினா பிடிச்சு நிறுத்துற டயோடு) ஒண்ணு குறுக்கே. 23 வோல்ட் வரைக்கும் சும்மா இருக்கும், அதனால 22.5 வந்தாலும் தலையிடாது. அடி விழுந்தா 37.5 பக்கம் பிடிச்சு நிறுத்தும். பிசி337, பிசி547 ரெண்டும் 45 வோல்ட் தாங்கும். ஆப்டோவுல மட்டும் கவனம். பழைய பிசி817 சிலது 35 வோல்ட்டோட நின்னுடும், புதுசு 80 தாங்கும். டேட்டாஷீட் பார்த்து 80 உள்ளதை வாங்குங்க. டிவிஎஸ்ஸுக்கு முன்னால ஒரு கம்பியில 250 வோல்ட், 315 மில்லிஆம்ப் கண்ணாடி ஃபியூஸ். யாராவது தெரியாம ஃபேஸை டாலி டெர்மினல்ல மாட்டினா டிவிஎஸ் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும், போர்டு பிழைக்கும். 60 வோல்ட் ரீசெட்டபிள் ஃபியூஸ் வேண்டாம், மெயின்ஸ் வந்தா அதுவே எரியும்.

ஒரே ஒரு கண்டிப்பு. கேட் லைட்டுக்கும் பார்க்கிங்குக்கும் இதே லைனை வெளியில மேல் வழியா இழுக்காதீங்க. டிவிஎஸ் தாங்குற அடி வேற, ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல தொங்குற வயர்ல வர்ற அடி வேற. வெளி லைட்டுக்குத் தனி சப்ளை, தனி போர்டு.

*

அலைக்காட்டி:

மூன்றாவது பிரச்சனை விட்டுப்போயிற்று. அது சர்க்யூட்டில் இல்லை, டிரைவரின் நினைவகத்தில் இருக்கிறது.

கரண்ட் வந்ததும் எந்த அளவில் எரிவது என்று ஒவ்வொரு டிரைவரிலும் ஒரு மதிப்பு உண்டு. டாலி லைன் 500 மில்லிசெகண்டுக்கு மேல் கீழேயே கிடந்தால் எந்த அளவுக்குப் போவது என்று இன்னொன்று. பெட்டியிலிருந்து வரும்போது இரண்டும் 254, அதாவது முழு வெளிச்சம். ஈஎஸ்பி ஒரு பிட்டின் நடுவில் ஹேங் ஆகி அதன் அவுட்புட் பின் (pin) உயர்ந்தபடி நின்றால் லைன் ஷார்ட்டிலேயே இருக்கும், அரை நொடியில் மண்டபம் முழுக்க எரியும்.

மாற்றும் முறை, எண்கள் எல்லாம் தசமத்தில்: முதலில் 163, 255 அனுப்புங்கள்; 163-க்கு அடுத்த எண்தான் வைக்கப்போகும் மதிப்பு. பிறகு 255, 44 என்பதை 100 மில்லிசெகண்டுக்குள் இரண்டு முறை; இங்கே முதலில் வரும் 255 'எல்லா டிரைவருக்கும்' என்ற முகவரி. அடுத்து 255, 45 என்பதையும் அதேபோல் இரண்டு முறை. 44 லைன் செத்தால் போகும் அளவு, 45 கரண்ட் வந்ததும் எரியும் அளவு. மதிப்பாக 255 வைத்தால் முன்னதில் 'இருந்தபடியே இரு', பின்னதில் 'கடைசியாக இருந்த அளவுக்குப் போ' என்று பொருள். ஒரே முறை அனுப்பினால் டிரைவர் கண்டுகொள்ளாது. பதிலும் வராது என்பதால் அனுப்பிவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருப்போம்.

ஆனால் வாசல், படிக்கட்டு லைட்டுகளுக்குக் கரண்ட் வந்ததும் எரியும் அளவை 254-ஆகவே விடுங்கள். கூட்டம் இருக்கும் இடத்தில் ஜெனரேட்டர் பிடித்த பிறகும் படி இருட்டாகக் கிடக்கக்கூடாது. மற்றவற்றுக்கு 170 வைக்கலாம், அது 10 சதவீதம். 50 சதவீதம் என்பது 229. அளவு மடக்கை வளைவில் போவதால் 127 வைத்தால் பாதி வெளிச்சம் வராது.

ஹேங் ஆகும்போது லைன் ஷார்ட்டில் நிற்பதை வன்பொருளிலேயே தடுத்துவிடலாம். ஈஎஸ்பி பின்னிலிருந்து அனுப்பும் ஆப்டோ எல்ஈடிக்கு 330 ஓமோடு வரிசையில் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், பிளஸ் பின் பக்கம். எல்ஈடிக்குத் தலைகீழாக ஒரு 1என்4148, கெபாசிட்டர் வெறுமையாக வழி வேண்டுமே. ஃபிரேம் 16 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடுவதால் கெபாசிட்டர் பெரிதாகத் தடுக்காது. பின் உயர்ந்தபடி நின்றுவிட்டால் சுமார் 100 மில்லிசெகண்டில் எல்ஈடி அணைந்து லைன் விடுபடும், டிரைவர் அரை நொடி எண்ணி முடிக்காது. பின்னுக்கு 26 அல்லது 27 எடுங்கள். 5, 14, 15 மூன்றும் ஈஎஸ்பி எழும்போது தாமாகவே ஆடும்.

பதில் வாங்கும்போது இன்னொன்று. 5-ஆம் முகவரி டிரைவரிடம் நிலைமை கேட்க 11, 144 அனுப்ப வேண்டும். முகவரியை இரட்டித்து ஒன்று கூட்டுவது கணக்கு. பழைய டிரைவர்கள் 3 முதல் 9 மில்லிசெகண்டுக்குள் பதில் தொடங்கும், புதியவை 5.5 முதல் 10.5 வரை எடுக்கும். 12 மில்லிசெகண்ட் வரை காத்திருந்த பிறகே 'பதில் இல்லை' என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் அனுப்பிய ஃபிரேமும் உங்கள் ஆப்டோவில் திரும்பத் தெரியும், அதைத் தள்ளிவிட வேண்டும்.

*

குழித்துறைக்காரன்:

அருமை சார். மண்டபத்துல கல்யாண சீசன், பகல்ல இடம் கிடைக்காது. வீட்டுல ரெண்டு டிரைவர் வச்சு டெஸ்ட் பண்ண சப்ளை வேணும். 18 வோல்ட் அடாப்டர் கைவசம் இருக்கு, அப்படியே மாட்டலாமா?

*

பாறசாலை மின்பணி:

அப்படியே மாட்டாதீங்க. அடாப்டர் ஆம்பியர் கணக்குல தள்ளும், முதல் பிட்லயே பிசி337 போயிடும். நடுவுல கரண்ட் லிமிட்டர் வேணும்.

அடாப்டர் பிளஸ்லருந்து 5.6 ஓம் வழியா டிஐபி42சி-யோட எமிட்டர். கலெக்டர்தான் டாலி பிளஸ். பேஸ்லருந்து மைனஸுக்கு 2.2 கே. ஒரு பிசி557 (BC557): எமிட்டர் அடாப்டர் பிளஸ்ல, பேஸ் டிஐபி எமிட்டர்ல, கலெக்டர் டிஐபி பேஸ்ல. 0.65-ஐ 5.6-ஆல வகுத்தா 116 மில்லிஆம்ப். ரெண்டு டிரைவருக்கு 4 மில்லிஆம்ப்தான் வேணும், 24 போட்டாலும் 48-தான். 250 வரைக்கும் ஏத்தணும்னு ஆசைப்பட வேண்டாம், ஷார்ட்ல சூடு ரெண்டு மடங்காகும். 116-லயே லைன் ஷார்ட்ல நின்னா டிஐபி 2 வாட்டுக்கு மேல சுடும், சின்ன ஹீட்சிங்க் கண்டிப்பா வேணும்.

அடாப்டர் 18-ஆ, 24-ஆன்னு மீட்டர்ல பார்த்துக்கோங்க. லைன் 20.5 தாண்டக்கூடாது. லிமிட்டருக்கு அப்புறம் லைன் பக்கம் கெபாசிட்டர் எதுவும் போடாதீங்க, 10 மைக்ரோஃபாரட் கூட வேண்டாம். ஒவ்வொரு பிட்டுக்கும் அது டிரான்சிஸ்டர் வழியா கொட்டும், ஏறுற முனையும் படுத்துடும்.